ஏற்றினவர்தான் இறக்க வேண்டும்

அந்தக் குடைக் கம்பெனிக்குள் வருஷம் முழுக்க மழை பெய்தது. வெளியே வெயில் மண்டையைப் பிளந்தாலும் சரி, தெருக்குழாயில் வெறும் காற்று வந்தாலும் சரி, பின்கட்டில் இருந்த ஓர் அறையில் காலையில் சங்கு ஊதியதும் மழை பிடிக்கும். சாப்பாட்டு நேரத்தில் விடும். கை கழுவி வந்ததும் மறுபடி பிடித்துக்கொள்ளும். வானிலை அறிக்கை இவ்வளவு ஒழுங்காகப் பலித்த இடம் உலகத்தில் வேறு இருந்திருக்காது.

கூரைக்குச் சற்றுக் கீழே ஓர் இரும்புச் சட்டம். அதில் வரிசையாகப் படுக்க வைத்த குழாய்கள், குழாய்களில் பொடிப்பொடியாக ஓட்டைகள். வால்வைத் திருகினால் மழை. ஒவ்வொரு கட்டிலிருந்தும் ஒரு குடையை உருவி, விரித்து, அதன் கீழே ஓர் ஆள் நிற்க வேண்டும். ஆள் நனைந்தால் கட்டு தையலுக்குத் திரும்பும். நனையாவிட்டால் கடைக்குப் போகும். இளவட்டமாக இருந்த நாளிலிருந்து தலை நரைக்கும்வரை அப்படி நின்றவர் மழையண்ணன். அவருக்குப் பெற்றவர்கள் வைத்த பெயர் ஒன்றும் இருந்தது. அது சம்பளச் சீட்டில் பத்திரமாக இருந்தது, வேறெங்கும் புழங்கவில்லை.

கல்யாணப் பேச்சு நடந்தபோது வருங்கால மாமனார் கேட்டார்: "மாப்பிள்ளை என்ன வேலை பாக்குறீங்க?"

"குடை பிடிக்கிறேன்."

"யாருக்கு?"

"எனக்குத்தான்."

மாமனார் நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டார். பிறகு, "அதுக்குச் சம்பளம் தர்றாங்களா?" என்றார். உள்ளே இருந்து ஒரு சிரிப்பு வெடித்தது. அந்தச் சிரிப்புக்காரிதான் இப்போது மழையண்ணனின் மனைவி. பள்ளிக்கூட வேன் ஓட்டுகிறார். அவர் பிரேக் போட்டால் வேனுக்குள் இருக்கும் அத்தனை வால்களும் சுருண்டு உட்காரும். மழையண்ணனும்தான்.

அந்த அறைக்கு மேற்கே ஒரு சின்ன ஜன்னல். ஒரு கண்ணாடி உடைந்து, அதை மாற்றுவதாகப் பெரிய முதலாளி காலமெல்லாம் சொல்லிக்கொண்டே இருந்து, மாற்றாமலே போய்ச் சேர்ந்தார். சாயங்காலம் வெயில் சாய்ந்ததும் அந்த ஓட்டை வழியாக ஒரு கற்றை உள்ளே விழும். மழைக்குள் ஒரு முழ நீளத்துக்கு வானவில் நிற்கும். தையல்காரர்கள் பீடிக்குப் போகிற சாக்கில் எட்டிப் பார்ப்பார்கள். கணக்குப்பிள்ளை ஏதோ சந்தேகம் கேட்க வந்தவர் மாதிரி வந்து நிற்பார். கம்பி கோர்க்கும் பிரிவின் தலைவியான கம்பியக்கா மட்டும் நேராக வந்து, "வந்திருச்சா?" என்று, தாமதமான பஸ்ஸைக் கேட்பதுபோல் கேட்பார். ஈரத் துணி வாசனை, கொடியில் காயும் துண்டுகள், தகரக் கூரையில் ஏறி இறங்கும் அணில். இன்றைக்கும் அந்தக் கம்பெனியில் வேலை பார்த்தவர்கள் நாலு பேர் கூடினால், பேச்சு எங்கே சுற்றினாலும் கடைசியில் அந்த உடைந்த ஜன்னலில் வந்துதான் நிற்கும்.

இதை எல்லாம் மூடுகிறோம் என்று ஒரு காகிதம் சொன்னது.

சாப்பாட்டு அறைப் பலகையில் அதை ஒட்டியவர் மனிதவள அதிகாரி. அவர் கழிவறைக் குழாயை மூடச் சொல்வதற்கும் காகிதம் ஒட்டுகிறவர் என்பதால், கம்பெனியில் அவர் பெயர் சுற்றறிக்கை. காகிதம் சொன்ன செய்தி: "நமது குடும்பம் பெரிய வீட்டுக்குக் குடிபோகிறது." பெரிய வீடு மலைக்கு அந்தப் பக்கம் இருந்தது. பஸ்ஸில் நாலு மணி நேரம். அடுத்த மாதம் முதல் தேதி எல்லோரும் அங்கே வேலைக்கு வர வேண்டும். வராதவர்கள் தாங்களாகவே வேலையை விட்டதாகக் கருதப்படுவார்கள்.

"போக நாலு மணி நேரம், வர நாலு மணி நேரம், வேலை எட்டு மணி நேரம்" என்றார் கம்பியக்கா. "மிச்ச எட்டு மணி நேரத்தை என்ன பண்றதுன்னுதான் கவலையா இருக்கு தம்பி. சும்மா இருந்தா கெட்ட பழக்கம் வந்துருமே."

மழையண்ணன் சிரிக்கவில்லை. மனைவியின் வேன் இந்த ஊர்ப் பள்ளிக்கூடத்தோடு கட்டிப்போட்ட வேன். மலை தாண்டி ஓடாது. மகளுக்கு அது பள்ளிக்கூடத்தின் கடைசி வருஷம். அங்கே தனியாக ஓர் அறை எடுத்துத் தங்கினால், சம்பளத்தில் பாதி அறைக்கும் மீதிப் பாதி பஸ்ஸுக்கும் போகும். வேலையை விட்டால் கையில் ஒன்றும் இல்லை. அவர் மனதில் ரொம்ப நாளாக ஓர் ஆசை கிடந்தது: முக்குத் தெருவில் சின்னதாக ஒரு வாட்டர் வாஷ் கடை. பைக், ஸ்கூட்டர், மனைவியின் வேன்.

"எனக்குத் தெரிஞ்சதெல்லாம் தண்ணி ஊத்துறதுதானே" என்றார் அன்று வீட்டில்.

"ஊத்துறது வால்வு. நனையாம நிக்கிறதுதான் நீங்க" என்றார் மனைவி. "சரி, கடைக்குப் பணத்துக்கு எங்க போறது?"

அதற்குப் பதில் தெரிந்தவர் ஒருவர் இருந்தார். கம்பியக்கா மறுநாளே மழையண்ணனை இழுத்துக்கொண்டு தொழிலாளர் நல அலுவலகத்துக்குப் போனார். அங்கே இருந்த அதிகாரியம்மா, மேஜை விசிறி காகிதங்களைப் பறக்கடிக்காமல் இருக்க ஒவ்வொரு கட்டின்மீதும் செருப்புக்கடை விளம்பரம் போட்ட ஒரு கல்லை வைத்திருந்தார். வேலை நியமன உத்தரவைக் கேட்டு வாங்கிப் படித்தார்.

"வேலை பாக்குற இடம்னு உங்க பழைய கட்டடத்தோட விலாசம்தான் போட்டிருக்கு. கம்பெனி சொல்ற இடத்துக்கெல்லாம் போகணும்னு எங்கயும் இல்ல. கம்பெனி இடம் மாறலாம், அது அவங்க இஷ்டம். ஆனா உங்களையும் சாமானோட சேத்துக் கட்டி எடுத்துட்டுப் போக முடியாது."

"அப்போ வராதவங்க தானா விட்டதா ஆகாதா மேடம்?"

"எப்படி ஆகும்? இந்த இடத்துல இருந்த வேலை போச்சு. அதைப் போக வெச்சது கம்பெனி. அப்போ அது ஆட்குறைப்பு. எத்தனை வருஷம் வேலை பாத்திருக்கீங்களோ அதுக்குத் தகுந்தபடி எழுத்துல முன்னறிவிப்பு தரணும், இல்லேன்னா அந்தக் காலத்துக்குச் சம்பளம் தரணும். அது போக வருஷக் கணக்குல இழப்பீடு." அதிகாரியம்மா கண்ணாடியைக் கழற்றினார். "ஒண்ணு மட்டும் ஞாபகம் வெச்சுக்குங்க. புது இடத்து வேலையை ஏத்துக்கிட்டீங்கன்னா இதெல்லாம் கிடையாது. அதனால சந்தேகம் வர்ற மாதிரி எதையும் செஞ்சு வெக்காதீங்க."

"நாங்க எதுக்கு மேடம் செய்யப் போறோம்?" என்றார் கம்பியக்கா, பச்சைக் குழந்தை மாதிரி.

செய்தார்கள். அதற்குக் காரணம் அந்தக் கம்பெனியின் ஒரு பழக்கம்.

கம்பெனியில் யார் வீடு மாற்றினாலும், அந்த ஞாயிற்றுக்கிழமை எல்லோரும் அங்கே இருப்பார்கள். கூப்பிட வேண்டியதில்லை. கம்பெனி வேன் வரும், பெரிய முதலாளியும் வருவார், கயிறு அவருடையது. கூலி கிடையாது, சாப்பாடு உண்டு. பெரிய முதலாளி போட்ட சட்டம் ஒன்றே ஒன்றுதான்: ஏற்றினவர்தான் இறக்க வேண்டும். பாதியில் நழுவினால் மறுநாள் சாப்பாட்டு அறையில் உட்கார இடம் கிடைக்காது.

மழையண்ணன் கல்யாணமான புதிதில் ஒரு மாடிப் போர்ஷனுக்குக் குடிபோனார். படிக்கட்டு குறுகல், பீரோ திரும்பவில்லை. கம்பியக்கா கீழே நின்று, "சாய்ங்கய்யா, சாய்ங்க, உங்க பக்கம் இல்லய்யா, அதோட பக்கம்" என்று தெருவுக்கே கேட்கும்படி கட்டளை போட்டார். கடைசியில் பீரோ பால்கனி வழியாகக் கயிற்றில் ஏறியது. எதிர்வீட்டார் நாற்காலி போட்டு உட்கார்ந்து பார்த்தார்கள். காலேஜ் லீவில் வந்திருந்த சின்ன முதலாளி கட்டிலின் ஒரு காலைத் தூக்கிக்கொண்டு வந்து, வாசற்படியில் கட்டைவிரலை இடித்துக்கொண்டு, "அப்பா, நான் வேன்லயே உக்காந்துக்கவா?" என்றார். "ஏத்தினவன்தான்டா இறக்கணும்" என்றது மேலே இருந்து ஒரு குரல். எல்லாம் ஏறி முடிந்ததும் புதுப்பெண் டீ போட்டார். சர்க்கரை எந்த மூட்டையில் போனதென்று யாருக்கும் தெரியவில்லை. அத்தனை பேரும் கசப்பு டீயைக் குடித்துவிட்டு, "பிரமாதம்மா" என்றார்கள். அப்படிப் பொய் சொல்கிறவர்கள் கிடைப்பது கஷ்டம்.

கம்பெனி இடம் மாறிய ஞாயிற்றுக்கிழமை, வெளியூரிலிருந்து லாரிகளும் கூலி ஆட்களும் வந்திருந்தார்கள். சின்ன முதலாளி யாரையும் கூப்பிடவில்லை. அவருக்கே முன்னந்தலை காலியாகியிருந்தது. ஆனாலும் அவர் சின்ன முதலாளிதான்.

காலையில் மழையண்ணன் சட்டையைப் போட்டார்.

"எங்க?" என்றார் மனைவி.

"கொடியில துண்டை விட்டுட்டு வந்துட்டேன்."

போய்ப் பார்த்தால், அன்றைக்கென்று பார்த்து ஆளுக்கு ஒன்றை மறந்திருந்தார்கள். ஒருவருக்கு டிபன் டப்பா. ஒருவருக்குச் செருப்பு. கணக்குப்பிள்ளை ஒரு பேனாவைத் தேடி வந்திருந்தார். அது அவர் காதில் இருந்தது. கம்பியக்கா மட்டும் எதையும் மறக்கவில்லை. அவர் வாசலில் நின்று கத்துவதற்காக வந்திருந்தார்.

கத்த வாயைத் திறந்த நேரத்தில், கூலி ஆட்கள் கம்பி அடுக்கும் மரப்பெட்டியைத் தலைகீழாகத் தூக்கினார்கள். "யோவ்! அது என்ன பூசணிக்காயா? இந்தப் பக்கம் பிடி!" என்று பெட்டியின் ஒரு முனையைப் பிடித்தவர்தான், சாயங்காலம்வரை விடவில்லை.

மழையண்ணன் துண்டை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டு கிளம்பத்தான் கிளம்பினார். பின்கட்டில் சுத்தியல் சத்தம் கேட்டது. ஓர் ஆள் மழைச் சட்டத்தின் குழாயைச் சுத்தியலால் அடித்துக் கழற்றிக்கொண்டிருந்தார்.

"அடிக்காதே! திருகணும்! நகரு, உன் கையை உடைச்சிருவேன்!"

அவர் வாழ்நாளில் யாரையும் மிரட்டியது அந்த ஒரு தடவைதான். குழாய்களை ஒவ்வொன்றாகத் திருகிக் கழற்றி, கோணிப்பை சுற்றி, லாரியில் ஏற்றினார். ஏற்றியாயிற்று. இனி என்ன செய்வது? ஏற்றினவர்தான் இறக்க வேண்டும். யோசிக்க ஒன்றுமில்லை என்பதுபோல் லாரியில் ஏறி உட்கார்ந்தார். பின்னாலேயே டிபன் டப்பாவும், செருப்பும், பேனாவும் ஏறின. கம்பியக்கா மட்டும் டிரைவரை நகரச் சொல்லி முன்னால் உட்கார்ந்தார்.

மலைக்கு அந்தப் பக்கம் வெள்ளை வெளேரென்று ஒரு பெரிய கொட்டகை. பெயிண்ட் வாசனை. ஜன்னலே கிடையாது. மழையண்ணன் சட்டத்தை இறக்கினார். இறக்கியதைத் தரையில் போட்டுவிட்டு வர மனசு கேட்கவில்லை, பூட்டினார். பூட்டியது ஒழுகுமோ என்று சந்தேகம் வந்தது, வால்வைத் திருகினார். மழை வந்தது. மழை வந்தால் அவர் கை சும்மா இருக்காது. பக்கத்தில் இருந்த குடையை எடுத்து விரித்தார்.

"மழையண்ணே, இங்க பாருங்க!" என்றார் சின்ன முதலாளி, செல்போனை உயர்த்தி. மழையண்ணன் பார்த்தார். சிரிக்கவும் செய்தார். போட்டோ பிரமாதமாக வந்தது.

லாரி டிரைவர் கேட்டார்: "இவங்களுக்கெல்லாம் நாள் கூலி எவ்வளவு சார் தர்றீங்க?"

"கூலியா?" சின்ன முதலாளிக்கு உண்மையிலேயே மனசு நிறைந்திருந்தது. "இது எங்க குடும்பம்யா. நமக்குள்ள என்ன கூலி?" என்று சாப்பாட்டுப் பொட்டலங்களைத் தன் கையாலேயே கொடுத்தார்.

இழப்பீடு கேட்டு விண்ணப்பம் கொடுத்த பிறகு, சுற்றறிக்கை மழையண்ணனைக் கூப்பிட்டு அந்தப் போட்டோவைக் காட்டினார்.

"இது யாரு?"

"நான்தான் சார்."

"எங்க நிக்கிறீங்க?"

"மழை ரூம்ல. புதுசுல."

"என்ன பண்றீங்க?"

"குடை பிடிக்கிறேன்."

"அதுதானே உங்க வேலை?"

மாமனாருக்குச் சொன்ன அதே பதில்தான். அப்போது பெண் கிடைத்தது. இப்போது இருந்ததும் போயிற்று. புது இடத்தில் வேலையை ஏற்றுக்கொண்டு விட்டீர்கள், இனி வராவிட்டால் அது உங்கள் விருப்பம், இழப்பீடு கிடையாது என்றார் சுற்றறிக்கை. லாரியில் போன எல்லோருக்கும் இதே பதில். மற்றவர்கள் பெட்டி தூக்கினார்கள், மழையண்ணன் அவர் வேலையையே செய்திருந்தார், அவ்வளவுதான் வித்தியாசம்.

"உங்களை யாருங்க குடையை விரிக்கச் சொன்னது?" என்று மனைவி தலையில் அடித்துக்கொண்டார்.

"மழை பெஞ்சுது."

"அதைத் திறந்துவிட்டதே நீங்கதானே!"

அன்று ராத்திரி மழையண்ணன் சாப்பிடவில்லை. வாட்டர் வாஷ் கடைக்குப் பார்த்து வைத்திருந்த முக்குத் தெரு இடத்தை, மறுநாள் சுற்றுவழியாகப் போய்த் தவிர்த்தார்.

தொழிலாளர் நல அலுவலகத்தில் இரண்டு தரப்பையும் உட்கார வைத்தார்கள். வராந்தாவில் காத்திருக்கும்போது கம்பியக்கா காதைக் கடித்தார். "மிரட்டிக் கூட்டிட்டுப் போனாங்கன்னு சொல்லு தம்பி. முடிஞ்சுது."

"யாருக்கா மிரட்டினது? நான்தான் அந்தச் சுத்தியல்காரனை மிரட்டினேன்."

"சரி, அதைச் சொல்லித் தொலைக்காத."

உள்ளே சுற்றறிக்கை போட்டோவைப் பெரிதாக அச்சடித்துக் கொண்டுவந்து மேஜைமேல் வைத்தார். காற்றில் பறந்தது. அதிகாரியம்மா அதன்மீதும் ஒரு கல்லை வைத்தார். கல் மழையண்ணனின் முகத்தில் உட்கார்ந்தது. குடை மட்டும் தெரிந்தது.

"எதையும் செஞ்சு வெக்காதீங்கன்னு சொன்னேனா இல்லையா?" என்றார் அதிகாரியம்மா.

"சொன்னீங்க மேடம்."

"அப்புறம் எதுக்குப் போனீங்க?"

மழையண்ணன் கம்பியக்காவைப் பார்த்தார். கம்பியக்கா கண்ணாலேயே 'மிரட்டினாங்க' என்று சொன்னார்.

"வீடு மாத்தினாங்க மேடம்" என்றார் மழையண்ணன். "போனோம்."

"எந்த வீடு?"

"கம்பெனிதான். எங்கள்ல யார் வீடு மாத்தினாலும் எல்லாரும் போவோம். ஏத்தினவங்கதான் இறக்கணும். நான் சட்டத்தை ஏத்திட்டேன். அதான்."

சுற்றறிக்கை சிரித்தார். "கதை நல்லா இருக்கு மேடம். ஆனா அன்னிக்கு இவர் அங்க செஞ்சது வேலை."

"வேலையா?" அதிகாரியம்மா சின்ன முதலாளியின் பக்கம் திரும்பினார். "ஞாயித்துக்கிழமை வேலை. அப்போ இரட்டைச் சம்பளம் குடுத்திருப்பீங்களே?"

சின்ன முதலாளி நாற்காலியில் நெளிந்தார். "இல்ல... அது அவங்களா வந்தாங்க. எங்க வழக்கம். கூலி கிடையாது."

"இவர் சொல்ற அதே வழக்கமா?"

"ஆமா."

"நீங்க யார் வீட்டுக்காவது அப்படிப் போயிருக்கீங்களா?"

சின்ன முதலாளி குனிந்து தன் கால் கட்டைவிரலைப் பார்த்தார். "போயிருக்கேன். இவர் வீட்டுக்கே போயிருக்கேன். கட்டில் கால் தூக்கிட்டு."

"அதுக்கப்புறம் அந்த வீட்லயே குடியேறிட்டீங்களா?"

"இல்லையே."

"கட்டிலைத் தூக்கிட்டுப் போனீங்களே?"

"தூக்கி வெச்சுட்டு, டீ குடிச்சுட்டு வந்துட்டேன்."

"சர்க்கரை இல்லாம" என்றார் மழையண்ணன்.

"சர்க்கரை இல்லாம" என்றார் சின்ன முதலாளி. சொல்லிவிட்டு, சிரிப்பதா வேண்டாமா என்று தெரியாமல் சுற்றறிக்கையைப் பார்த்தார்.

அதிகாரியம்மா கல்லை நகர்த்தி, போட்டோவைச் சுற்றறிக்கையிடமே தள்ளினார். "அப்போ இவங்களும் தூக்கி வெச்சுட்டு, சாப்பிட்டுட்டு வந்துட்டாங்க. யாரும் குடியேறல. முன்னறிவிப்புக் காலத்துச் சம்பளம், வருஷக் கணக்குக்கு இழப்பீடு, எல்லாருக்கும். இல்ல, அது வேலைதான்னு சொன்னீங்கன்னா அன்னிக்குச் சம்பளம் தரலைன்னு தனியா ஒரு கேஸ் எழுதுறேன். எது வசதி?"

எது வசதி என்று முடிவுசெய்யச் சின்ன முதலாளிக்கு அதிக நேரம் ஆகவில்லை.

இளைஞர்கள் சிலர் மலை தாண்டி வேலைக்குப் போனார்கள். மற்றவர்கள் கிடைத்ததை வாங்கிக்கொண்டு ஆளுக்கொரு பக்கம் பிரிந்தார்கள். பழைய கட்டடத்தை யாரோ கார் நிறுத்துமிடம் ஆக்கினார்கள். முக்குத் தெருவில் வாட்டர் வாஷ் கடைக்குத் தகரம் போட்ட ஞாயிற்றுக்கிழமை, மழையண்ணன் யாரிடமும் சொல்லவில்லை. எல்லோரும் வந்திருந்தார்கள்.

மத்தியானம் கம்பெனி வேன் வந்து நின்றது. சின்ன முதலாளி இறங்கினார். புது இடத்தில் இப்போது குடையைச் சோதிக்க ஓர் இயந்திரம் வந்துவிட்டதாம். ஆள் நிற்க வேண்டியதில்லையாம். வேனின் பின்னால், கோணிப்பை சுற்றிய குழாய்களும் இரும்புச் சட்டமும் இருந்தன.

"பழைய இரும்புக்குப் போட மனசு வரலண்ணே" என்றார்.

மழையண்ணன் கோணியை விலக்கி, குழாய்களின் திருகு மரைகளைத் தடவிப் பார்த்தார். சுத்தியல் படவே இல்லை. யாரோ பொறுமையாகத் திருகிக் கழற்றியிருந்தார்கள். வேனிலிருந்து இறக்க நாலு பேர் ஓடி வந்தபோது கம்பியக்கா குறுக்கே கையை நீட்டினார்.

"யாரு ஏத்தினது?"

"நான்தான்க்கா" என்றார் சின்ன முதலாளி.

"அப்புறம் என்ன, சட்டைக் கையை மடிங்க."

அவர் மடித்தார். சட்டத்தைத் தகரத்தின் கீழே மாட்டி, வால்வைத் திருகியபோது மழை வந்தது. முதல் வண்டி மனைவியின் வேன்தான். உள்ளேயிருந்து அவர் ஹாரன் அடித்தார். மழையண்ணன் கை தன்னால் பக்கத்தில் எதையோ தேடியது. குடை இல்லை. அந்தச் சட்டத்தின் கீழே முதல் தடவையாக முழுசாக நனைந்தார். எல்லோரும் சாயங்காலம்வரை இருந்து, வெயில் சாயட்டும் என்று பார்த்தார்கள். வானவில் வரவில்லை, கடை வடக்குப் பார்த்தது.

மனைவி டீ கொண்டுவந்தார். இந்தத் தடவை சர்க்கரை இருந்தது. எல்லோரும் குடித்துவிட்டு, அந்தப் பழைய டீ மாதிரி வராது என்றார்கள்.

சின்ன முதலாளி ஈரச் சட்டையோடு, காலி டம்ளரைக் கையில் வைத்துக்கொண்டு, கிளம்ப மனசில்லாமல் உட்கார்ந்தே இருந்தார்.

"கிளம்புங்க முதலாளி" என்றார் கம்பியக்கா. "ரொம்ப நேரம் உக்காந்திருந்தீங்கன்னா, குடியேறிட்டீங்கன்னு எழுதிக்கப் போறாங்க."